உம்மாவின் முழங்காலுக்குள் என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்டீர்களா?

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் ஐம்பது தாண்டிய உம்மா, வாப்பா, மாமி, சாச்சி யாராவது இருந்தால் ஆறுதலாக வாசியுங்கள்.

இப்போது நமது ஊரில் முழங்கால் ஒபரேசன் செய்தவர் இல்லாத ஒழுங்கை இல்லை என்று சொல்லலாம். முன்பெல்லாம் கால் நோவு என்றால் எண்ணெய் பூசிப் படுத்தார்கள். இப்போது பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புகிறார்கள், டொக்டரும் மாற்றலாம் என்கிறார், மாற்றுகிறார்கள். நல்ல விசயம்தான். ஆனால் மாற்றிவிட்டு வந்தவரைப் பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்வி இரண்டே இரண்டு. "எந்த நாட்டுச் சாமான்?" அடுத்தது, "எத்தன வருசம் கெரண்டி?"

மோட்டார் சைக்கிள் வாங்கியவரிடம் கேட்பது போலக் கேட்கிறோம். முதல் கேள்வியால் ஒரு பிரயோசனமும் இல்லை. இரண்டாவதற்கு ஒரே எண்ணில் பதில் சொல்லும் எவரையும் நம்பாதீர்கள். கேட்க வேண்டிய கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை.

நான் டொக்டர் இல்லை. பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். போன வருடம் என் சாச்சிக்கு வலது முழங்கால் மாற்றியபோது, அவவுடைய பிள்ளைகள் வெளிநாட்டில் என்பதால் ஓடித் திரிந்தது நான்தான். அப்போது வாசித்தது, டொக்டரிடம் கேட்டறிந்தது, பில் கட்டியபோது கண்டது எல்லாம் சேர்ந்ததுதான் இந்தப் பதிவு.

முதலில், மூட்டை "மாற்றுவது" என்றால் முழங்காலைக் கழற்றிவிட்டு இன்னொன்றைப் பூட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. தேய்ந்துபோன எலும்பின் முனைகளைச் சில மில்லிமீற்றர் சீவிவிட்டு, மேலே மூடி போடுகிறார்கள். பல் டொக்டர் பல்லுக்குத் தொப்பி போடுவாரே, கிட்டத்தட்ட அந்த வேலை. தொடை எலும்பின் முனைக்கு வளைந்த உலோக மூடி. அது பெரும்பாலும் கோபால்ட், குரோமியம், மொலிப்டினம் கலந்த கலப்புலோகம். கீழே கணைக்கால் எலும்பின் தலையில் ஒரு தட்டு, அது டைட்டேனியமாகவோ கோபால்ட் குரோமாகவோ இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக். முழங்கால் சிரட்டையின் பின்பக்கம் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பொத்தான் சிலருக்கு வைப்பார்கள், சிலருக்கு வைக்க மாட்டார்கள்.

அந்த நடுப் பிளாஸ்டிக் என்ன தெரியுமா? பொலித்தீன். சொப்பிங் பேக்கின் சொந்தக்காரன்தான், ஆனால் அதன் மூலக்கூற்றுச் சங்கிலி பல மடங்கு நீளமானது. ஒரு சென்ரிமீற்றர் அளவு தடிப்பு. சாச்சியின் முழு உடம்புப் பாரமும் அதன் மேல்தான்.

உலோகத்தை எலும்போடு பிடிக்க வைப்பது பெரும்பாலும் எலும்புச் சீமெந்து. பெயர்தான் சீமெந்து, உண்மையில் அது அக்ரிலிக். பல் செட்டின் முரசு நிற அடிப்பகுதி செய்கிற அதே இனம். அது பசையாக ஒட்டுவதில்லை. டைலுக்கு நடுவில் நிரப்புவது போல எலும்பின் நுண் துளைகளுக்குள் போய் இறுகிப் பிடித்துக்கொள்கிறது.

இப்போது "ஜேர்மன் இரும்பு" கதைக்கு வருவோம். இந்தக் கூட்டில் முதலில் தேய்வது உலோகமல்ல, பொலித்தீன். தேய்ந்த துகள்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு. அவற்றை உடம்பின் காவல் கலங்கள் விழுங்கி, செரிக்க முடியாமல் கோபம் கொண்டு, பக்கத்தில் இருக்கும் எலும்பையே கரைக்கத் தொடங்குகின்றன. எலும்பு கரைந்தால் மூடி ஆடும். ஆடினால் நோவும். இதைத்தான் "கழன்றிட்டு" என்கிறார்கள். ஆகவே கேட்பதென்றால் பிளாஸ்டிக்கைப் பற்றிக் கேளுங்கள். ஒரு காலத்தில் பொலித்தீனைக் காற்றுப்படக் கதிர்வீச்சால் கிருமி நீக்கினார்கள். ஒட்சிசன் ஏறி, அலுமாரியில் இருக்கும்போதே அது நொறுங்கும் தன்மைக்கு வந்துவிட்டது. 1990களில் இது விளங்கிய பிறகு ஒட்சிசன் இல்லாத பொதிக்கு மாறினார்கள். அதன் பின் சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்த பொலித்தீன் வந்தது. இடுப்பு மூட்டில் அது தேய்மானத்தை நன்றாகக் குறைத்திருக்கிறது.

டைட்டேனியம் என்றால் ஆக உயர்ந்தது என்று ஒரு நம்பிக்கையும் இருக்கிறது. டைட்டேனியத்தை எலும்பு நன்றாக ஏற்கும், பாரமும் குறைவு. ஆனால் உரசும் மேற்பரப்பாக அது மோசம், இலகுவில் கீறுப்படும். 1980களில் இடுப்பு மூட்டுப் பந்தை டைட்டேனியத்தில் செய்து பார்த்து, கறுத்த தூள் கொட்டி, கைவிட்டார்கள். இப்போது டைட்டேனியத்துக்கு மேல் கடினமான பூச்சுப் பூசியோ, சிர்க்கோனியத்தின் மேற்பரப்பை ஒட்சைட்டாக்கியோ செய்த முழங்கால்கள் உண்டு. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அவற்றை யோசிக்கலாம். ஆனால் அந்தப் பளபளப்புக்காகக் கூடுதல் இலட்சங்கள் கொடுக்கச் சொன்னால், ஏன் என்று ஒரு தடவை கேளுங்கள்.

இந்தப் பொலித்தீன் எப்படி வந்தது என்பதை வகுப்பில் பிள்ளைகளுக்கும் சொல்வேன். இங்கிலாந்தில் ரைட்டிங்டன் வைத்தியசாலையில் ஜோன் சார்ன்லி என்றொரு சத்திரசிகிச்சை நிபுணர் இருந்தார். 1950களின் கடைசியில் இடுப்பு மூட்டின் கிண்ணத்துக்கு அவர் தெரிவு செய்தது டெஃப்லோன். ஆம், நொன்ஸ்டிக் சட்டியில் பூசுவதுதான். வழுக்கும், நல்லது என்று நினைத்தார். ஏறத்தாழ 300 பேருக்கு வைத்தார். வைத்ததும் சந்தோசமாக நடந்தவர்கள் இரண்டு மூன்று வருடத்தில் நோவோடு திரும்பி வந்தார்கள். டெஃப்லோன் தேய்ந்து, சுற்றியுள்ள சதை வீங்கிக் கெட்டுப் போயிருந்தது. அவர் ஒளித்துக்கொள்ளவில்லை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் திரும்ப வெட்டினார். அந்தத் தூள் உடம்புக்குள் என்ன செய்கிறது என்று பார்க்க, தன் தொடையிலேயே அதை ஊசியால் ஏற்றிக்கொண்டார்.

பிறகு, நெசவு இயந்திரத்தின் பற்சக்கரத்துக்கு விற்கும் பொலித்தீன் துண்டொன்றை ஒரு விற்பனையாளர் கொண்டு வந்தார். சார்ன்லி நகத்தால் கீறிப் பார்த்து வேண்டாம் என்றுவிட்டார். அவருடைய ஆய்வுகூட உதவியாளர் ஹரி கிரேவன் விடவில்லை. பெரியவர் வெளியூர் போன நேரம் இயந்திரத்தில் போட்டு ஓட்டிப் பார்த்தார். பல கிழமை ஓடியும் டெஃப்லோன் ஒரு நாளில் தேயும் அளவு கூடத் தேயவில்லை. 1962 நவம்பரில் சார்ன்லி அதை மனிதருக்கு வைக்கத் தொடங்கினார். ஆனாலும் ஊரெல்லாம் விற்க விடவில்லை. தன் நோயாளிகளைச் சில வருடம் பார்த்துவிட்டுத்தான் மற்ற டொக்டர்களுக்குத் திறந்துவிட்டார். இன்றும் உலகம் முழுவதும் மூட்டுக்குள் வைப்பது அந்தப் பொலித்தீனின் வழிவந்ததுதான்.

இதை நீட்டிச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. இதற்கு நேர் எதிரான கதையும் நடந்தது, அது நம் காலத்தில்.

ஜோன்சன் அன்ட் ஜோன்சன் தெரியாத வீடு இல்லை. பிள்ளைக்குப் பவுடர் பூசியவர்கள்தான் எல்லோரும். அவர்களுடைய டிபுய் கம்பனி ஏ.எஸ்.ஆர். என்ற இடுப்பு மூட்டை விற்றது. பிளாஸ்டிக்கே இல்லாமல் உலோகப் பந்து, உலோகக் கிண்ணம். தேயாது, இளவயதினருக்கு நல்லது என்று விளம்பரம். ஆனால் உலோகத்தோடு உலோகம் உரசி, கோபால்ட்டும் குரோமியமும் இரத்தத்தில் கலந்தன. மூட்டைச் சுற்றிச் சதை அழிந்து கட்டிகள் வந்தன. 2010 ஓகஸ்டில் உலகம் முழுவதிலுமிருந்து மீளப் பெற்றார்கள். அதற்குள் சுமார் 93,000 பேருக்கு வைத்தாகிவிட்டது. ஐந்து வருடத்துக்குள் எட்டுப் பேரில் ஒருவருக்குத் திரும்ப ஒபரேசன் தேவைப்பட்டது என்று இங்கிலாந்துப் பதிவேடு காட்டியது.

பெரிய நாடு, பெரிய கம்பனி, பெரிய விலை எல்லாம் இருந்தும் இப்படி நடந்தது. எனவேதான் "எந்த நாட்டுச் சாமான்" என்பதால் பிரயோசனம் இல்லை என்கிறேன்.

இதைக் கண்டுபிடித்தது யார் என்று பாருங்கள். பதிவேடுகள். அவுஸ்திரேலியாவில் 1999 முதல், யாருக்கு, எந்தக் கம்பனியின் எந்த வகை மூட்டு, எந்தத் திகதியில் வைத்தார்கள், எப்போது கழற்றினார்கள் என்று எழுதி வைக்கிறார்கள். சுவீடன் முழங்காலுக்கு 1975 இலிருந்தே எழுதுகிறது. ஒரு டொக்டருக்குத் தன் நோயாளிகள் நாலு பேர் கஷ்டப்படுவது மட்டும்தான் தெரியும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கூட்டினால்தான் இந்த மாதிரி கெட்டது என்று விளங்கும்.

இந்தியாவில் அதே ஏ.எஸ்.ஆர். சுமார் 4,700 பேருக்கு வைத்திருந்தார்கள். பிறகு அரசாங்கம் குழு போட்டுத் தேடியபோது, அவர்களில் பெரும்பாலானவர்களைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. நட்டஈடு தர வேண்டும் என்றாலும் யாரிடம் கொடுப்பது? இரத்தப் பரிசோதனை செய்யுங்கள் என்று யாரைக் கூப்பிடுவது?

இனி நம் கதை. சாச்சியை வீட்டுக்கு அனுப்பும்போது தந்த டயக்னோசிஸ் கார்டில் இருந்தது இவ்வளவுதான்: வலது முழங்கால் முழு மாற்று, திகதி, குளிசைகள், தையல் பிரிக்கும் நாள். உள்ளே வைத்தது எந்தக் கம்பனி, எந்த வகை, எந்த அளவு, என்ன லொட் நம்பர் என்று ஒரு சொல் இல்லை. பில்லில் "இம்ப்ளான்ட்" என்று ஒரே வரி. அந்த ஒரு வரிதான் முழுப் பில்லிலும் ஆகப் பெரிய தொகை. இந்த மூட்டுகளின் பெட்டிக்குள் கம்பனியே ஒட்டும் ஸ்டிக்கர்கள் வைக்கிறது. ஒபரேசன் அறையில் அவற்றை உரித்து நோயாளியின் கோவையில் ஒட்டுவார்கள். அதில் ஒன்றைத் தாருங்கள், இல்லையென்றால் போட்டோ எடுக்க விடுங்கள் என்று கேட்டேன். மூன்று தரம் அலைக்கழித்தார்கள். பெயரைச் சொல்லி அந்த வைத்தியசாலையை இங்கே இழுக்க நான் வரவில்லை. ஏனென்றால் மற்றவர்களிடம் விசாரித்ததில், அது அந்த ஓர் இடத்தின் பிரச்சினை அல்ல. நாம் கேட்பதேயில்லை, அவர்கள் கொடுப்பதுமில்லை.

பிரிட்ஜ் வாங்கினால் வொரண்டி கார்டைப் பொலித்தீன் உறையில் போட்டு அலுமாரியில் பத்து வருடம் வைக்கிறோம். உம்மாவின் எலும்புக்குள் இருக்கும் சாமானுக்கு ஒரு துண்டுக் கடதாசி இல்லை. இருபது வருடம் கழித்துப் பிளாஸ்டிக் தேய்ந்தால், உலோகம் நன்றாக இருக்கும்போது சிலருக்குப் பிளாஸ்டிக்கை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் அதே கம்பனியின் அதே வகை தெரிந்தால்தான் பொருத்தமான துண்டைக் கொண்டுவரலாம்.

சரி, எத்தனை வருடம் நிற்கும்? 2019 இல் லான்செட் மருத்துவச் சஞ்சிகையில் பெரிய கணக்கொன்று வந்தது. 25 வருடம் தாண்டியும் முழு முழங்கால் மாற்றுகளில் 82 வீதம் நிற்கின்றன, இடுப்பில் 58 வீதம். இவை அந்தக் காலத்துப் பொருட்கள், இன்றுள்ளவை இன்னும் நல்லாக இருக்கலாம். ஆனால் இந்த எண்ணை விட முக்கியமானது ஒபரேசன் செய்யும் வயது. 2017 இல் அதே சஞ்சிகையில் வந்த ஆய்வின்படி, எழுபது வயதில் செய்தவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுக்குத்தான் வாழ்நாளில் திரும்ப ஒபரேசன் தேவைப்படுகிறது. ஐம்பதின் தொடக்கத்தில் செய்த ஆண்களில் அது முப்பத்தைந்து வரை போகிறது. இரண்டாம் ஒபரேசன் முதலாவதை விடக் கடினம், எலும்பும் குறைவாக இருக்கும், செலவும் கூட.

இதனால்தான் 52 வயதில், பக்கத்து வீட்டு ராத்தா செய்துவிட்டா என்று அவசரப்படுவோரைக் கண்டால் எனக்குப் பயம். அதேநேரம் மற்றப் பக்கமும் இருக்கிறது. "மௌத்தாகும் வரை சமாளிப்போம்" என்று பாமசியில் டைக்ளோபெனாக்கைச் சீட்டில்லாமல் வாங்கி விழுங்குகிறவர்கள். பத்து வருடம் இப்படி விழுங்கி, சீனியும் பிரசரும் சேர்ந்து கிட்னி கெட்ட பிறகு, ஒபரேசன் செய்யவே உடம்பு தாங்காது. என் கணக்கில் நம் ஊரில் அவசரப்பட்டுக் கெட்டவர்களை விட இப்படிக் கெட்டவர்களே அதிகம்.

இனிக் கஷ்டமான பகுதி. ஆகப் பயங்கரமானது கிருமித்தொற்று. நூற்றுக்கு ஒருவர் இருவருக்குத்தான் வருகிறது, ஆனால் வந்தால் வீடே ஆடிப்போகும். கிருமி உலோகத்தின் மேல் ஒட்டி, பாசி போலப் படலம் கட்டிக்கொள்ளும். மருந்து அதற்குள் போகாது. பலருக்கு முழு மூட்டையும் கழற்றி, மருந்து கலந்த சீமெந்துத் துண்டை வைத்து, பல கிழமை ஊசி போட்டு, பிறகு புதியதை வைக்க வேண்டி வரும். சீனி கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கு இந்த ஆபத்து அதிகம். டொக்டர் சீனி குறையட்டும் என்று ஒபரேசனைத் தள்ளிப் போட்டால் அவரோடு சண்டை பிடிக்காதீர்கள். சொத்தைப் பல், காலில் புண், சலத்தில் கிருமி இருந்தால் முன்கூட்டியே வைத்தியம் செய்யுங்கள்.

நோயாளியைப் பார்க்கப் போவது ஸுன்னத். தையல் பிரிக்க முன் பதினைந்து பேர் வேன் பிடித்துப் போய், கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, இருமுகிற பிள்ளையை மடியில் கொடுப்பது ஸுன்னத் அல்ல. ஒரு மாதம் கழித்துப் போங்கள், துஆ எங்கிருந்தும் கேட்கலாம்.

இன்னொன்று. வருடங்கள் கழித்தாவது மாற்றிய முழங்கால் திடீரென்று வீங்கிச் சுட்டால், காய்ச்சலும் இருந்தால், பாமசியில் அன்டிபயோட்டிக் வாங்கிக் குடிக்க வேண்டாம். நேரே மூட்டு டொக்டரிடம் போங்கள். முதலே மருந்து குடித்தால், மூட்டு நீரைச் சோதிக்கும்போது கிருமி பிடிபடாமல் போகும்.

இரத்தம் கட்டுவது அடுத்த பயம். அதைத் தடுக்கப் போடும் ஹெப்பரின் வகை ஊசிகள் பன்றிக் குடலிலிருந்து எடுப்பவை. இதை ஒபரேசன் முடிந்த இரவு வட்ஸ்அப்பில் யாரோ அனுப்ப, ஊசி வேண்டாம் என்று மறுத்த குடும்பம் ஒன்றை அறிவேன். மறுப்பதால் உயிர் போகலாம். பன்றியிலிருந்து வராத மாற்றுகளும் உண்டு, குளிசையாகவும் உண்டு. எல்லோருக்கும் பொருந்தாது. ஒபரேசனுக்கு ஒரு கிழமைக்கு முன்பே டொக்டரிடமும் உங்கள் ஊர் ஆலிமிடமும் கேட்டு முடிவெடுங்கள். நடு இரவில் வார்டில் வைத்து அல்ல.

ஐந்தில் ஒருவர் அளவுக்கு முழங்கால் மாற்றிய பிறகும் நோவு முழுதாகப் போகவில்லை என்கிறார்கள். இதை முன்கூட்டிச் சொல்லும் டொக்டர் நல்ல டொக்டர். "பதினாறு வயசுக் கால் தாறன்" என்பவரிடம் கவனம். நடக்கும்போது டக் டக் என்று சத்தம் வந்தால் மட்டும் பயப்பட வேண்டாம், உலோகம் பிளாஸ்டிக்கைத் தொடும் சத்தம் அது.

தொழுகையைப் பற்றிக் கேட்காத உம்மா இல்லை. மாற்றிய முழங்கால் பெரும்பாலும் 110, 120 பாகை மடியும். அத்தஹிய்யாத்தில் இருக்க அதை விட நிறைய மடிய வேண்டும். கதிரையில் தொழ மார்க்கம் இடம் தந்திருக்கிறது. ஸுஜூது போய்விடும் என்பதற்காக ஐந்து வருடம் தள்ளிப் போட்டு, கடைசியில் நடக்கவும் முடியாமல் கட்டிலில் கிடந்து தொழுகிறவர்களைக் காண்கிறோம். கூடுதலாக மடியும் முழங்கால் என்று தனியாக விற்கிறார்கள். ஆய்வுகளில் சாதாரணத்தை விடப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எவ்வளவு மடியும் என்பது பெரும்பாலும் ஒபரேசனுக்கு முன் எவ்வளவு மடிந்தது, பிறகு பிசியோ எவ்வளவு செய்தார் என்பதில்தான். அந்தக் காசில் வீட்டில் கொமட் வைத்து, பக்கத்தில் கைபிடி பூட்டுங்கள்.

விலையையும் சொல்லத்தான் வேண்டும். இந்தியா 2017 ஓகஸ்டில் முழங்கால் மூட்டுக்கு உச்ச விலை விதித்தது. அப்போது சாதாரண கோபால்ட் குரோம் முழங்காலுக்கு வரி இல்லாமல் 54,720 இந்திய ரூபாவாக இருந்தது. அதற்கு முன் சராசரி ஒன்றரை இலட்சத்துக்கும் மேல். சென்னைக்கும் மதுரைக்கும் போகும் நம்மவர்கள் இதன் இன்றைய நிலையைத் தெரிந்துகொண்டு பில்லைப் பாருங்கள். இங்கே 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கு மருத்துவ உபகரணங்களும் பொறுப்புத்தான். விலை பெரிய அரசியல், அதற்குக் காலம் எடுக்கும். ஆனால் ஒவ்வொரு நோயாளியின் கையிலும் ஸ்டிக்கர் ஒட்டிய அட்டை ஒன்றைக் கட்டாயமாகக் கொடுக்கச் சொல்ல எந்தச் செலவும் இல்லை. ஸ்டிக்கர் பெட்டிக்குள்ளேயே வருகிறது. நம் பாராளுமன்ற உறுப்பினர்கள், கொடி ஏற்றும் கூட்டங்களுக்கு நடுவில், இதை ஒரு தடவை கேட்டால் என்ன?

அதுவரை நாமே செய்வோம். ஒபரேசனுக்குத் திகதி வாங்கியவர்கள் அட்மிட் ஆகும் முன்பே டொக்டரிடம் சொல்லுங்கள்: எங்களுக்கு ஸ்டிக்கர் வேண்டும், ஒபரேசன் குறிப்பின் கொப்பி வேண்டும். ஏற்கனவே செய்தவர்கள் போய்க் கேளுங்கள். காலம் போகப் போகக் கோவைகள் தொலையும். கிடைத்தால் போட்டோ எடுத்து ஒரு பிள்ளையின் போனில் அல்ல, எல்லாப் பிள்ளைகளின் போனிலும் போடுங்கள். உம்ராவுக்குப் போகும்போது எயார்போர்ட் மெசின் கத்தினால் காட்டவும் உதவும்.

அரச வைத்தியசாலைகளில் செய்தவர்களில் யாருக்காவது இந்த ஸ்டிக்கர் கிடைத்திருந்தால், யாரிடம் எப்படிக் கேட்டு வாங்கினீர்கள் என்று கீழே எழுதுங்கள், மற்றவர்களுக்கு உதவும். இன்பொக்ஸில் எக்ஸ்ரே படம் மட்டும் அனுப்ப வேண்டாம். எனக்கு அது வாசிக்கத் தெரியாது.